வெறும் வாயோடு வந்தவர்

எங்கள் ஆய்வகத்துக்கு இப்போது ஒரு பஞ்சுக் குச்சி வந்திருக்கிறது. நாக்குக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துக் குப்பியில் போட்டால் உமிழ்நீர் சேகரித்தாகிவிட்டது. கூடவே ஒரு டேப்லெட். அதில் 'வெற்றிலைப் பழக்கம்' என்று ஒரு கேள்வி. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். விரலால் தொட்டால் முடிந்தது. இதை எனக்குக் காட்டிய சின்னப் பிள்ளைகள், "அக்கா, நீங்க அந்தக் காலத்துல எப்படித்தான் வேலை செஞ்சீங்களோ, ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். படிக்கிறவர்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி இருக்க வேண்டுமாம்.

உற்சாகம் என்னிடம் இல்லை. அந்த 'இல்லை' என்ற கட்டத்தைப் பார்த்ததும் வந்த எரிச்சல்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள்.

நான் படித்தது ஆய்வக டெக்னீஷியன் பட்டயப் படிப்பு. காந்திபுரத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கப் பழகினேன். டீ குடிக்க வெளியே விடாத லேப் அது. அங்கேதான் வெற்றிலை போடவும் பழகினேன். பிறகு கோவைக்கு வெளியே ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். பல் மருத்துவக் கல்லூரியில் வெற்றிலை போடுகிற டெக்னீஷியன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், அங்கேயும் சிரித்தார்கள்.

துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதுவும் சொல்லவும் இல்லை. ஒரு நாள் காலையில் கை கழுவும் தொட்டிக்கு மேல் 'இங்கு துப்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதுதான் சார். இருபது வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். 'செய்' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. 'செஞ்சா நல்லா இருக்குமுங்க' என்பார். 'வேண்டாம்' என்பதற்கு 'பாத்துக்கலாமுங்க.' மாணவர்களுக்கும் 'ங்க' போடுவார், வாட்ச்மேனுக்கும் போடுவார். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட 'கொஞ்சம் நகருங்க' என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதரிடம் வேலை பார்ப்பதைப் போல எரிச்சல் வேறு எதிலும் இல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இவரை என்ன செய்வது?

அவருக்குக் கீழே மேற்படிப்புக்கு வந்தாள் டாக்டர் நிவேதா. சரவணம்பட்டிப் பெண். அவளுடைய ஆய்வுத் தலைப்பு இது: வெற்றிலை போடும் பெண்கள், போடாத பெண்கள், இரு தரப்பிலும் மாதவிடாய் நின்றவர்கள், நிற்காதவர்கள் என நான்கு குழுக்கள். இவர்களுடைய உமிழ்நீரில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கதவுக்குப் பெயின்ட் எப்படியோ, வாய்க்கு அது அப்படி. குறைந்தால் உள்ளே அரிக்கத் தொடங்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு அது குறைவாக இருக்கும், மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

முறை சரியாக வருகிறதா என்று பார்க்க முதலில் ஒரு மாதிரி வேண்டியிருந்தது. நிவேதா நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு நின்னுருச்சா, இன்னும் வருதா?"

பக்கத்தில் நின்ற சாரின் கையிலிருந்து பேனா விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் நான் பதில் சொல்லி முடிக்கும் வரை நிமிரவே இல்லை. அவருடைய அகராதியில் மாதவிடாய் நிற்பதற்கு 'அந்தக் கட்டம்' என்று பெயர்.

"போன தீவாளியோட நின்னுச்சு. வெத்தலையும் போடறேன். உனக்கு ரெண்டுக்கும் ஒரே ஆளு கெடைச்சாச்சு, எடுத்துக்கோ" என்றேன்.

உமிழ்நீர் எடுப்பதை எல்லோரும் துப்புவது என்று நினைக்கிறார்கள். துப்பக் கூடாது. துப்பினால் நுரை வரும், சளி வரும். வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு தலையைக் கவிழ்த்துக் கொள்ள வேண்டும். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. கீழ் உதட்டின் மேல் தானாக வழிகிற எச்சில் புனல் வழியாகக் குழாயில் இறங்க வேண்டும். குழாய் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி ஐஸ் பெட்டியில் நிற்க வேண்டும். ஆய்வகத்துக்கு வந்ததும் சுற்றும் எந்திரத்தில் போட்டால் கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து மருந்து சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்த்தியாக இருந்தால் எதிர்ப்பொருள் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. கண்ணுக்கே தெரியும், கருவி அதை எண்ணாக்கித் தரும்.

இதில் கஷ்டமே தலையைக் கவிழ்த்து எச்சில் ஒழுக உட்காருவதுதான். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் முன் முந்தானையால் வாயைப் பொத்தி வளர்ந்தவர்களை, வாயைத் திறந்து வழிய விடு என்றால்? அதனால் ஆண்கள் யாரும் உள்ளே வராமல் ஒரு மண்டபம் வேண்டும் என்றோம். ஆனைமலைப் பக்கம் ஒரு ஊரில் தேவகி அம்மாள் இடம் கொடுத்தார். தென்னந்தோப்பு, சொந்தக் கல்யாண மண்டபம், ஊரில் நல்ல மதிப்பு. அவர் சொன்னால் பெண்கள் வருவார்கள். வந்தார்கள்.

முகாமுக்கு முதல் நாள் நிவேதா எல்லோருக்கும் தகவல் சொல்லி அனுப்பினாள். வெற்றிலை போடுகிறவர்கள் காலையிலிருந்து போட வேண்டாம், மாதிரி கெட்டுவிடும் என்று. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அந்தச் சொல்லை அப்படியே காப்பாற்றினார்கள். இடுப்பில் வெற்றிலை புகையிலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, வாய் வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஏனுங் டாக்டரம்மா, சீக்கிரம் எச்ச வாங்கிட்டு உடுங்க. தலை சுத்துது" என்று ஒருத்தி கெஞ்சினாள். "பொவயலை இல்லாம எம்பட மாமியாளே ரெண்டாத் தெரியறா" என்றாள் இன்னொருத்தி.

வெற்றிலை போடாதவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. போடாதவர்களிடம் போடாதே என்று யார் சொல்வார்கள்?

நான் உள்ளறையில் ஐஸ் பெட்டியோடு இருந்தேன். நிவேதா திரைக்குப் பின்னால். வாசலில் என்ன நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மாதிரி எடுக்கத் தொடங்கும் முன் சார் மேடையேறி, வெற்றிலை பாக்கைக் குறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று பேசியது மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. பெண்கள் கைதட்டினார்கள்.

மதியத்துக்குள் எல்லாக் குழாயும் நிரம்பின. அந்த வரிசையில் வந்தவர்தான் நாச்சம்மாள். தேவகி அம்மாளின் ஓரகத்தி. மூத்த மருமகள். கணவர் இறந்து பல வருடம். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறச் சேலை. தேவகியே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்து, "அக்காவுக்கு எந்தப் பழக்கமும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நிவேதா 'போடாதவர், நின்றவர்' குழுவில் எழுதினாள்.

"வேற எதாச்சும் தொந்தரவுங்களா?"

"வாய் எரியுதுங்க கண்ணு. கொழம்பு வாயில வெக்க முடியறதில்ல."

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு வாய் எரிவது உண்டு. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நிவேதா அதைத்தான் எழுதினாள். டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னபோது நாச்சம்மாள் பாதிதான் திறந்தார். "வெக்கப்படறாங்க" என்றார் தேவகி. நாங்களும் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டோம். ஊரே வெட்கப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வாய் பாதி திறந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

வேலை முடிந்ததும் கல்லூரிப் பேருந்துக்குப் பின்னால் போய் என் பையைத் திறந்தேன். நிழல் தெரிந்தது. நாச்சம்மாள்.

"ஏனுங் அம்மணி, ஒரு துண்டு பாக்கும் பொவயலையும் இருந்தாக் குடுங்க."

கொடுத்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இடது கடைவாயில் அதக்கினார். வலப் பக்கம் போனதும் முகத்தைச் சுளித்தார்.

"அந்தப் பக்கம் என்னங்க?"

"அந்தப் பக்கந்தான் எரியறது. ஒடம்பே எரியுது, வாய் எரிஞ்சா என்ன? நின்னதுக்கப்பறம் எல்லாம் இப்படித்தானாம்."

"போடறதை டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

"சொல்லிப்போட்டு ஊட்டுல எப்படி மொகத்தைக் காட்டறதுங்க? அவரு போனதுக்கப்பறம் தாம்பாளத்தை எனக்கு நீட்டறதில்ல. நீட்டாததை நா திருடித் திங்கறேன்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம்."

கையை நீட்டினார். புகையிலை வாசனையோடு அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் குழாய்களைச் சுற்றவிட்டு எடுத்தபோது நிவேதா என்னைக் கூப்பிட்டாள். வெற்றிலை போடுகிறவர்களின் குழாய்கள் தெளிவாக இருந்தன. போடாதவர்களின் குழாய்கள் எல்லாம் சிவப்பு.

"மாத்தி வெச்சுட்டமாக்கா?"

"நானா? போய்ச் சோலியைப் பாரு."

தேவகிக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். தேவகி அம்மாளின் குரல் பெருமையாக வந்தது.

"வாசல்ல தாம்பாளம் வெச்சிருந்தமுங்க. சந்தனம், கல்கண்டு, வெத்தலை பாக்கு, சுண்ணாம்பு. நம்ம மண்டபத்துக்கு வந்தவங்களை வெறும் வாயோட உக்கார வெப்பமுங்களா? வெத்தலை போடறவங்க மட்டும், டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்கன்னு ஒருத்தியும் தொடலை. மத்தவங்க நல்லவங்க, நா நீட்டினா மறுக்க மாட்டாங்க. ஆளுக்கு ஒரு வாய் போட்டுட்டுத்தான் உள்ள வந்தாங்க."

ஆக, வெற்றிலை போடுகிற அத்தனை பேரும் போடாமல் வந்திருந்தார்கள். போடாத அத்தனை பேரும் மரியாதைக்காகப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

இதைவிட மோசம் பிறகுதான். வெற்றிலைச் சாறே அந்த மருந்தை நீலமாக்கும். சிவப்புக் குழாய்களெல்லாம் அடர் நீலம் காட்டின. கணக்குப் போட்டால், வெற்றிலை போடாதவர்களுக்கு எதிர்ப்பொருள் மிக அதிகம், போடுகிறவர்களுக்கு மிகக் குறைவு. நிவேதா எதிர்பார்த்த முடிவு. எதிர்பார்த்ததைவிட அழகான முடிவு. சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"நல்லா வந்துருக்குதுங்க."

"சார், அவங்க எல்லாம் வெத்தலை போட்டுட்டு வந்திருக்காங்க" என்றாள் நிவேதா.

"ஒரு வாய்தானுங்களே. மரியாதைக்குப் போட்டதைப் பழக்கம்னு சொல்ல முடியாதுங்க."

அந்த அழகில் ஒரு புள்ளி மட்டும் இடித்தது. போடாதவர் குழுவில் ஒரே ஒரு குழாய் சிவக்காமல் இருந்தது. நீலமும் ஏறாமல் வெளுத்திருந்தது. நாச்சம்மாளுடையது. ஏன் சிவக்கவில்லை என்று நிவேதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாசலில் தாம்பாளம் அவருக்கு நீட்டப்படவில்லை.

சார் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "அந்த ஒண்ணை எடுத்துட்டா நல்லா இருக்குமுங்க."

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆய்வில் இருப்பவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்து மறுபடி வாய் பார்ப்பார்கள். எடுக்கப்பட்டவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நாச்சம்மாள் எரியும் வாயோடு, எரிவது வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, எவளாவது பாக்கு வைத்திருக்கிறாளா என்று பேருந்துகளுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருப்பார்.

சார் போனதும் சொன்னேன். "அந்தம்மாளை எடுத்துப்போடாதே. மறுபடி வாயைப் பாரு."

"ஏங்க்கா?"

"ஏன்னு கேக்காதே."

நிவேதா வெளுத்த குழாயைப் பார்த்தாள். பிறகு என் உதட்டைப் பார்த்தாள். புத்திசாலி.

"போடறாங்களா?"

"நான் சொல்லல."

"பாதி வாய்தான் தெறந்தாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டாள். "வெக்கம்னு எழுதிட்டேன்க்கா."

நாச்சம்மாளின் மாதிரி கொட்டிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லி அந்த வாரமே ஆனைமலை போனோம். சாரும் வந்தார். மாணவியைத் தனியாக அனுப்பினால் தேவகி அம்மாளுக்கு மரியாதையாக இருக்காதாம்.

காபி வந்தது. முறுக்கு வந்தது. சார் தென்னைக்கு வந்திருக்கும் வெள்ளை ஈயைப் பற்றி விசாரித்தார். தேவகி பதில் சொன்னார். தண்ணீர் விடுவது பற்றி விசாரித்தார். அதற்கும் பதில் வந்தது. நாச்சம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தேவகி அவரை விட்டு நகரவே இல்லை. நிவேதா இரண்டு முறை வாயெடுத்தாள். "அம்மா, உங்களுக்கு இந்த... பழக்கம்..." என்று ஆரம்பித்தாள், தேவகி சிரித்த முகத்தோடு, "அக்காவுக்கு ஒண்ணும் இல்லைங்கன்னு அன்னிக்கே சொன்னனே" என்றார். சார் மறுபடி வெள்ளை ஈக்குப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பையைத் திறந்தேன். வெற்றிலையை எடுத்து முழங்காலில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, அத்தனை பேர் முன்னாலும் நாச்சம்மாளிடம் நீட்டினேன். நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியம் கட்டியது வாயைத்தான், கையை இல்லை.

சார் முறுக்கைக் கீழே வைத்தார். நாச்சம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தேவகியைப் பார்த்தார்.

தேவகி பெருமூச்சு விட்டார். "வாங்கிக்கங்க்கா. எத்தனை நாளைக்கு? அரிசி டின்னுக்குப் பின்னால வெக்கற பாக்கும் பொவயலையும் எலியா எடுத்துட்டுப் போகுது? சந்தைக்குப் போறப்பெல்லாம் வாங்கிட்டு வந்து வெக்கறது ஆருன்னு நெனச்சீங்க?"

நாச்சம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமா?"

"ஊட்டுல எல்லாத்துக்கும் தெரியும். தோட்டத்து ஆளுகளுக்கும் தெரியும்."

"அப்ப அன்னிக்கு ஏம்மா டாக்டர்கிட்டச் சொல்லல?" என்றேன் நான். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பெரியவங்க இல்லீங்களா? அவங்களே இல்லைன்னு காட்டிக்கறப்ப, நா இருக்குதுன்னு சொன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

அந்த வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

நாச்சம்மாள் மடிப்புக்குக் கையை நீட்டினார். நான் பின்னால் இழுத்துக்கொண்டேன். "குடுக்கறதுக்கு எடுக்கலீங்க. வாயைத் தெறங்க."

நிவேதா அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். சாதாரணமாக ஒருவருடைய வாயில் அவருடைய மூன்று விரல்கள் மேலும் கீழுமாக நுழைய வேண்டும். நாச்சம்மாளுக்கு இரண்டு நுழைவதே கஷ்டமாக இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் பழைய தோல் பை மாதிரி இறுகிக் கிடந்தது. வலப் பக்கம், கடைசிப் பல்லுக்கு எதிரே, வெளுப்பும் சிவப்புமாக ஒரு புண். நிவேதா நகர்ந்து சாருக்கு இடம் விட்டாள். சார் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"நாளைக்கு வரணும்" என்றார்.

'ங்க' இல்லை. இருபது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். தேவகி அம்மாள் அதைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். ஆரம்ப நிலை. கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மருத்துவமனையில் கூடவே படுத்திருந்தது தேவகி. நாச்சம்மாள் பிழைத்தார். ரசம் சோறு சாப்பிடுகிறார், பேச்சு கொஞ்சம் குழறும்.

அன்று ஆனைமலையிலிருந்து திரும்பி வரும் வழியில் காரிலேயே நிவேதா என் வாயையும் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். ஒன்றும் இல்லை. பொள்ளாச்சி தாண்டும்போது என் வெற்றிலைப் பையை ஜன்னல் வழியாக எறிந்தேன். "ரோட்டுல போடாம இருந்தா நல்லா இருக்குமுங்க" என்றார் சார். அவர் பழையபடி ஆகிவிட்டார்.

நிவேதா அந்த அழகான முடிவைக் குப்பையில் போட்டாள். போடாதவர் குழுவைப் புதிதாக, வேறு ஊரில், தாம்பாளம் இல்லாத பள்ளிக்கூடத்தில் எடுத்தாள். இந்த முறை வித்தியாசம் வந்தது, ஆனால் சுமாராக. பட்டம் தள்ளிப்போனது, அவள் தள்ளிப்போகட்டும் என்றாள். சார் கையெழுத்துப் போடும்போது, "முன்னாடி வந்தது பாக்க நல்லா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் விழா வைத்தார்கள். நாச்சம்மாள் பரிசோதனைக்கு வந்த நாள் அது. தேவகியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிவில் ஒரு மாணவி தாம்பாளத்தோடு வந்தாள். சந்தனம், கல்கண்டு, வெற்றிலை பாக்கு. ஆமாம், பல் மருத்துவக் கல்லூரியில். 'வெற்றிலை பாக்கைத் தவிர்ப்போம்' என்று எழுதிய பலகைக்குக் கீழே. யாருக்கும் உறைக்கவில்லை. தேவகிக்கு நீட்டினாள். பக்கத்திலிருந்த சாம்பல் சேலையைப் பார்த்தாள். தாண்டிப் போனாள்.

நான் மேடையில் இருந்து கத்தினேன். "ஏ பொண்ணே, அந்தம்மாவுக்கு ஏன் குடுக்கல?"

அந்தப் பெண் திரும்பி வந்து, பயந்துபோய்த் தாம்பாளத்தை நாச்சம்மாளிடம் நீட்டினாள். நாச்சம்மாள் எழுந்து இரண்டு கையாலும் வெற்றிலையையும் பாக்கையும் எடுத்தார். பாக்கைத் திரும்பத் தாம்பாளத்திலேயே போட்டார். வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஏங்க்கா, எதுக்கு அது?" என்று தேவகி பதறினார்.

"நம்ம ஆட்டுக்குட்டிக்கு" என்றார் நாச்சம்மாள், குழறலாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. "அது வெத்தலை நல்லாத் திங்கும்."